சூரசம்ஹாரக் கூட்டமும் நம் கடைச் சரக்கும்

ரயிலில் திருச்செந்தூருக்கு முந்திய நிலையம் காயல்பட்டினம். கந்த சஷ்டிக்குச் செந்தூர் வரும் கூட்டத்தை நம்பி நம் மளிகைக் கடைகளும் கொள்முதல் செய்கின்றன. ஆனால் போன வருடப் பேரேட்டைப் புரட்டி அதே தேதிக்குச் சரக்கு எடுப்பவர்களுக்கு நஷ்டமே மிஞ்சும்.

காரணம் எளிது. சஷ்டி, தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும்; ஆறாம் நாள் சூரசம்ஹாரம். இது திதிக் கணக்கு. பன்னிரண்டு சந்திர மாதங்கள் ஆங்கில வருடத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. எனவே விழா ஆண்டுதோறும் முந்தும். அதிக மாதம் வரும் ஆண்டில் பிந்தும். சூரசம்ஹாரம் 2022-ல் அக்டோபர் 30. 2023-ல் நவம்பர் 18. 2024-ல் நவம்பர் 7. 2025-ல் அக்டோபர் 27. 2024-ம் ஆண்டுத் தேதியை நம்பி 2025-ல் சரக்கு இறக்கியிருந்தால், கூட்டம் கலைந்து 11 நாள் ஆகியிருக்கும். ஆகவே ஆவணியிலேயே பஞ்சாங்கம் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, இது விரதக் கூட்டம். முதல் ஆறு நாளும் பால், பழம், கற்கண்டு, கற்பூரம், எண்ணெய், திரி ஆகியவையே நகரும். அரிசி, பருப்பு, பலகாரம் ஆகியவற்றின் விற்பனை, விரதம் முடிந்த பிறகுதான் சூடு பிடிக்கும். தீபாவளிக் கடன் நிலுவையில் நிற்கும் நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்து முதலை முடக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கருப்பட்டி. ஊர் திரும்புவோர் விரும்பி வாங்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதநீர் இறங்குவது கோடையில்; விற்பனையோ ஐப்பசி அடைமழையில். இடைப்பட்ட மாதங்களில் ஈரக்காற்று பட்டால் கசிந்து உருகிவிடும். தரையில் அடுக்காமல் உயரப் பலகையில், காற்றுப் புகாமல் வைக்க வேண்டும்.

நான்காவது, மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. செந்தூரிலிருந்து சென்னை சென்ற ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பலகை உதவாது. கடைச் சரக்குக்கு இன்சூரன்ஸ் வைத்திருப்போர், வெள்ளச் சேதமும் அதில் அடங்குகிறதா என்று பாலிசியை எடுத்துப் பார்ப்பது அவசியம். தீ விபத்துக்கு மட்டும் என்றிருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.

கூட்டம் வருவது ஆண்டவன் செயல். சரக்கைக் காலமறிந்து வாங்கிக் காப்பது நம் பொறுப்பு.