கமக்காரர் தாமே மரமுளை செய்துகொள்ளும் முறை

பெரும்போகத்துக்கு வயலைச் சமப்படுத்தும் வேளையில் மட்டப்பலகையின் பிடி கழன்றுபோனால், வயலிற் கட்டிய நீர் தச்சன் வரும்வரை காத்திராது. அவசரத்தில் பலர் அவ்விடத்தில் இரும்பாணியை அறைந்துவிடுகின்றனர். சேற்றுநீரில் நனையும் ஆணி துருப்பிடிக்கும். அத்துரு சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். பின்னர் ஆணி மட்டுமன்றிப் பலகையும் பழுதாகும்.

தளர்ந்த பிடியை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து இறுக்கும் வழக்கமும் உண்டு. அது ஒரு நாளைக்கே உதவும். ஊறிய மரம் பருக்க முயலும். துளையின் சுவர் இடங்கொடாமையால் அதன் நார்கள் நசுங்கும். உலர்ந்தபின் முன்னிருந்ததிலும் மெலிந்து நிற்கும்.

நன்கு உலர்ந்த மரமுளையே இதற்குத் தக்கது. உலரும் மரம் நீளவாக்கில் மிகச் சொற்பமாகவும் குறுக்கே அதிகமாகவும் சுருங்கும். ஆதலால் பச்சை மரத்தில் செய்த முளை துளைக்குள் இருந்தபடியே சுருங்கித் தளர்ந்துவிடும்.

பாலை, சவண்டலை, முதிரை ஆகியவை ஏற்ற மரங்கள். இதற்கென மரந் தறிக்க வேண்டியதில்லை; தச்சுப்பட்டறையில் கழித்த துண்டுகளே போதும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதை நினைவிற் கொள்க.

துண்டை வாளால் அரியாது, கத்தியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிப் பிளத்தல் வேண்டும். பிளந்த கோலில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறாமல் ஓடும். அரிந்த கோலிலோ நார் இடையில் வெட்டுண்டிருக்கக்கூடும். அவ்விடத்திலேயே முளை முறியும். பிளந்த கோல்களை அடுப்பின் மேலுள்ள பரணில் வைத்து, வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கவும். நிறை குறைவது நின்றபின்பே வேலையைத் தொடங்கலாம்.

உருட்டுவதற்குக் கடைசல் இயந்திரம் தேவையில்லை. கால் அங்குலத் தடிப்புள்ள உருக்குத் தகடொன்றில் இரண்டு துளைகள் இடுக. ஒன்று, பொருத்தில் துளையிடும் அதே அலகினால் இடப்படுதல் வேண்டும். மற்றது அதனிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாயிருத்தல் வேண்டும். வாகன வில்தகடாயின், கொல்லனிடம் பழுக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்ட பின்னரே துளைக்க இயலும். துளைகளின் அடிப்புறத்தை உருண்டை அரத்தால் சற்றே அகலமாக்குக. மேல்விளிம்பு கூராகவே இருக்கட்டும்.

கோலை முதலில் நாற்சதுரமாகவும், பின் எட்டுப் பட்டையாகவும் சீவி, ஒரு முனையைக் கூராக்கவும். துளையிட்ட மரக்குற்றியின் மேல் தகட்டை வைத்து, கோலைப் பெரிய துளையினூடும் பின் சிறிய துளையினூடும் கொட்டாப்புளியால் நேராக அடித்து இறக்குக. இறுதிப் பகுதியை அடுத்த கோலால் தள்ளினால் தகட்டின் விளிம்பு மழுங்காது. நார் பிய்ந்து வரும் முளைகளைத் தயங்காமல் அடுப்பிலிடலாம்.

விறாண்டிப் பல்லாயின், முளையின் தலையில் வாளால் ஒரு வெட்டிட்டு, செருகியபின் அவ்வெட்டில் மெல்லிய ஆப்பை இறுக்குவர். அவ்வெட்டு விறாண்டிச் சட்டத்தின் நாருக்குக் குறுக்காக இருத்தல் அவசியம். நாரின் வழியே இருப்பின் ஆப்பு சட்டத்தையே பிளந்துவிடும்.

மிகுந்த முளைகளை மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு, மழைக்காலத்திலும் ஈரம் புகாத இடத்தில் வைக்கவும்.