பழைய காரின் புகைக்குழாய்: பழுதுபார்ப்பதா, காரையே மாற்றுவதா?

காலையில் காரை முடுக்கியதும் பின்பக்கப் புகைக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கார் எங்கோ ஒழுகுகிறது என்று பலர் பயந்துவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அது பெட்ரோல் எரிந்ததால் பிறந்த தண்ணீர். ஆனால் பழைய காரின் புகைக்குழாய் ஓட்டை விழுவதற்கு முதல் காரணமும் அதே தண்ணீர்தான்.

பெட்ரோலை ஆக்டேன் என்று எடுத்துக்கொண்டு சமன்பாட்டை எழுதிப் பாருங்கள். 2 மூலக்கூறு ஆக்டேன் முழுமையாக எரிய 25 மூலக்கூறு உயிர்வளி வேண்டும். கிடைப்பது 16 மூலக்கூறு கரிவளி, 18 மூலக்கூறு நீர். மோல் கணக்கு போட்டால் 228 கிராம் ஆக்டேனிலிருந்து 324 கிராம் நீர் வருகிறது. அதாவது எரித்த பொருளைவிட வெளிவரும் நீரின் எடை அதிகம்! காற்றிலிருந்து வந்த உயிர்வளியும் அதில் சேர்ந்துவிடுவதே காரணம். 1 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம் இருக்கும். அதை எரித்தால் சுமார் 1 லிட்டர் தண்ணீரும் 2.3 கிலோ கரிவளியும் குழாய் வழியே வெளியேறும். உண்மையான பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை என்பதால் எண்கள் கொஞ்சம் மாறும், அளவு இதுதான்.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடும் காருக்கு இந்தத் தண்ணீரால் தொல்லை இல்லை. குழாய் முழுவதும் சூடேறி, நீராவி ஆவியாகவே வெளியே போய்விடும். வீட்டிலிருந்து பள்ளிக்கு 3 கிலோமீட்டர், திரும்பி வர 3 கிலோமீட்டர் என்று ஓடும் காரின் கதை வேறு. குழாயின் பின்பகுதி சூடாவதற்குள் எஞ்சின் அணைக்கப்படுகிறது. குளிர்ந்த உலோகத்தில் நீராவி நீராக மாறித் தேங்குகிறது. கரிவளியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோலில் எஞ்சியிருக்கும் கந்தகத்தின் ஆக்சைடும் அதில் கரைய, அது இலேசான அமிலமாகிறது. இரும்பு, உயிர்வளி, நீர், போதாததற்கு அமிலம். தொடக்கப்பள்ளியில் ஆணியைக் கண்ணாடிக் குவளையில் போட்டுச் செய்த பரிசோதனையேதான் இது. எஞ்சினிலிருந்து ஆகத் தூரத்தில், ஆகக் குளிர்ச்சியாக இருக்கும் பாகம் சைலன்சர். அதனால்தான் பெரும்பாலான கார்களில் அதுவே முதலில், அதுவும் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கிறது. வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே அப்பளமாகியிருக்கும். அந்த ஓட்டையின்மேல் ஒரு துண்டு இரும்பை வைத்து வெல்டிங் அடித்தால், சில மாதங்களில் அதன் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை விழும்.

எல்லா ஓட்டையும் ஒன்றல்ல

எஞ்சினிலிருந்து வால் வரை வரிசையாகப் பார்த்தால் முதலில் வருவது எஞ்சினோடு ஒட்டிய வார்ப்புக் குழாய். அதில் ஓர் உயிர்வளி உணரி. அடுத்து வினையூக்கி மாற்றி. பிறகு நடுக்குழாய், கடைசியில் சைலன்சர். ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

சைலன்சரில் விழுந்தால் பெரும்பாலும் சத்தம்தான். எஞ்சினிலிருந்து வரும் ஒலி அலைகளை உள்ளிருக்கும் அறைகளில் எதிரொலிக்க வைத்து, ஒன்றையொன்று அழிக்கச் செய்வதே அதன் வேலை. நான்காம் படிவ இயற்பியலில் படிக்கும் அலைகளின் குறுக்கீடு நம் காருக்கடியில் தினமும் நடக்கிறது.

உணரிக்கு முன்னால் விழுந்தால் செலவு பெட்ரோலில் தெரியும். புகை குழாயில் சீராகப் போவதில்லை. இதயத்துடிப்புபோல் விட்டு விட்டுப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் அழுத்தம் ஒரு கணம் குறையும்போது, ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. உணரி கூடுதல் உயிர்வளியைக் கண்டு "பெட்ரோல் போதவில்லை" என்று கணினிக்குத் தகவல் அனுப்ப, கணினி இன்னும் அதிகமாகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. அப்பா அடிக்கடி எண்ணெய் போட வேண்டியிருக்கிறதே என்று முனகுவதற்கு இந்தச் சிறிய ஓட்டை காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது வகை, காரின் தரைக்கு நேர்க்கீழே உள்ள இணைப்புகளில் வரும் கசிவு. என் கணிப்பில் சத்தத்தைவிட, பெட்ரோல் செலவைவிட இதுதான் பெரிய விஷயம். எரிதல் முழுமையாக நடக்காதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு உயிர்வளி சேர்வதைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு அது சேர்ந்துகொள்ளும். இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காத பயணிபோல, பிறகு உயிர்வளிக்கு இடம் விடாது. பழைய காரின் தரையில் துரு அரித்த சிறு துளைகளும், கழன்று விழுந்த இரப்பர் அடைப்புகளும் இருந்தால் அந்த வாயு இருக்கைக்கே வந்துவிடும். ஏர்கோண்டிஷனை உள்காற்றையே சுற்றும்படி வைத்திருந்தால் வந்தது வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும்.

இந்த ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவனுக்கு இதே நிலைமை. காலையில் முதல் இரண்டு பாடவேளை தலையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஓய்வு நேரத்துக்குள் சரியாகிவிடும். காலைப் பசியாறாமல் வருவதால்தான் என்று அவனும் நினைத்தான், அவன் அம்மாவும் நினைத்தார். பள்ளி விடுமுறையில் தலைவலி வருவதே இல்லை என்று அவனே ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. "காரில் உன்னோடு யாருக்காவது தலை வலிக்கிறதா?" என்று கேட்டேன். "தங்கச்சி வாந்தி எடுப்பா, டீச்சர். அவளுக்குக் கார் ஒத்துக்காது," என்றான். காரில் ஏறினால் வருவதும் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் போவதும், ஒருவருக்கு மேல் வருவதும் கார்பன் மோனாக்சைடின் அடையாளங்கள். அன்றே அவன் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பட்டறையில் தூக்கிப் பார்த்தபோது நடுக்குழாய் இணைப்பில் கேஸ்கெட் எரிந்துபோய், சுற்றிலும் கரி படிந்திருந்தது. சைலன்சரிலும் ஓட்டை.

650 ரிங்கிட்டும் 590 ரிங்கிட்டும்

கார் 18 வயதானது. கேஸ்கெட், நடுக்குழாய், சைலன்சர் எல்லாம் புதிதாகப் போட 650 ரிங்கிட் என்றார் பட்டறைக்காரர். தற்காலிகமாக ஒட்டுப்போட 60 ரிங்கிட். காரை விற்றால் 3,500 கிடைக்குமாம். 'பழுதுச் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு' என்று ஒரு வாய்மொழி விதி உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரின் சந்தை விலையோடு ஏன் ஒப்பிட வேண்டும்? அதற்குப் பதிலாக வரப்போகும் காரின் செலவோடு அல்லவா ஒப்பிட வேண்டும்?

புதிய காருக்கு 50,000 ரிங்கிட் கடன், 9 ஆண்டுத் தவணை என்று வைப்போம். வருடத்துக்கு முதலில் 3 விழுக்காடு வட்டி என்றால் வட்டி மட்டும் 13,500. மொத்தம் 63,500, அதை 108 மாதங்களால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 590. காப்புறுதிக் கட்டணம் ஏறுவது தனி. ஆக, 650 ரிங்கிட் என்பது ஒரு மாதத் தவணையைவிடச் சற்றே கூடுதல். பழுதுபார்த்த கார் இரண்டு மாதம் ஓடினாலே போட்ட பணம் வந்துவிடும்.

புதிய கார் பெட்ரோலை மிச்சப்படுத்துமே என்று கேட்பீர்கள். கணக்குப் போடலாம். பழைய கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர், புதியது 5.5 லிட்டர், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். பழையதுக்கு 960 லிட்டர், புதியதுக்கு 660. மிச்சம் 300 லிட்டர். லிட்டர் 2 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 600, மாதத்துக்கு 50 ரிங்கிட். 590 கட்டி 50 மிச்சப்படுத்துவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

சுற்றுச்சூழல் கணக்கும் சுவையானது. 300 லிட்டர் குறைந்தால் ஆண்டுக்கு 690 கிலோ கரிவளி குறையும். ஆனால் புதிய கார் வானத்திலிருந்து விழுவதில்லை. இரும்பை உருக்கவும் அலுமினியம் பிரிக்கவும் பிளாஸ்டிக் வார்க்கவும் கண்ணாடி செய்யவும் சக்தி வேண்டும். ஒரு சிறிய காரைத் தயாரிப்பதில் பல டன் கரிவளி வெளியாகிறது. 6 டன் என்று வைத்துக்கொண்டால், 6,000 வகுத்தல் 690, கிட்டத்தட்ட 8 ஆண்டு 8 மாதம். அதுவரை புதிய கார் தன் பிறப்புக் கடனையே அடைத்துக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டும் விற்பனையாளருக்கு இதே கணக்கு 3 ஆண்டுக்குள் முடிந்துவிடும். உங்கள் வீட்டு எண்களைப் போட்டுச் செய்து பாருங்கள். விடை வீட்டுக்கு வீடு மாறும்.

கணக்கைக் கவிழ்க்கும் பாகம்

இதுவரை சொன்னது குழாயும் சைலன்சரும் மட்டும் கெட்டிருந்தால். வினையூக்கி மாற்றி செத்திருந்தால் நிலைமை வேறு. வகுப்பில் 'மங்கின்' என்று மலாயில் படிப்பீர்களே, அந்த வினையூக்கிதான். தேன்கூடுபோன்ற பீங்கான் கட்டியின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். எடையில் சில கிராம்தான். தேன்கூடு வடிவம் மேற்பரப்பைப் பல மடங்காக்குகிறது. சூடேறியதும் அது கார்பன் மோனாக்சைடைக் கரிவளியாகவும், எரியாத பெட்ரோலைக் கரிவளி, நீராகவும், நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் மாற்றுகிறது. நன்றாக வேலை செய்யும் மாற்றி இந்த மூன்று நச்சுகளிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் நீக்கிவிடும். ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகே அது விழித்துக்கொள்ளும் என்பதால், காரை எடுத்த முதல் சில நிமிடங்களில்தான் புகை மிக அசுத்தமாக இருக்கும்.

வினையூக்கி வினையில் தீர்ந்துபோவதில்லை என்று படித்திருக்கிறோம். சரிதான், ஆனால் அதற்கு நஞ்சு வைக்கலாம். முன்பு பெட்ரோலில் கலந்த ஈயம் அதைக் கொன்றது. இப்போது பழைய எஞ்சின்களில் எரியும் எஞ்சின் எண்ணெயில் உள்ள பாஸ்பரஸ் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே புகையின் நிறத்தைப் பாருங்கள். நீல நிறம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் குளிரூட்டும் நீர் எஞ்சினுக்குள் கசியலாம். நீலப் புகை கக்கும் எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிய மாற்றி போடுவது வீண். அதுவும் சில காலத்தில் செத்துவிடும். முதலில் எஞ்சினைச் சரிசெய்ய வேண்டும், அதற்கும் மாற்றிக்கும் சேர்த்து வரும் தொகை காரின் தகுதிக்கு மிஞ்சும். கூடவே சட்டகத்திலும் துரு ஏறியிருந்தால், அந்தக் காரை விடுவதே சரி. புதிய கார்களில் இருக்கும் காற்றுப்பையும் சறுக்கல் தடுப்பும் உயிர் காப்பவை. அதை நான் மேலே போட்ட ரிங்கிட் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சில பட்டறைகளில் "மாற்றியைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்" என்பார்கள். பெருந்தன்மை அல்ல. உள்ளே இருக்கும் பிளாட்டினக் குடும்ப உலோகங்களுக்கு நல்ல விலை உண்டு. கழற்றியவருக்கு இலாபம், நமக்கும் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் நச்சு.

அந்த மாணவனின் காரில் மாற்றி நன்றாக இருந்தது, எஞ்சின் எண்ணெயும் குறையவில்லை. அவன் அப்பா 60 ரிங்கிட் ஒட்டுவேலையை விட்டுவிட்டு 650 கட்டினார். தரையில் இருந்த துளைகளையும் அடைத்தார்கள். தலைவலி நின்றது, தங்கை இப்போது வாந்தி எடுப்பதில்லை.

பழையது எங்கே போகிறது?

மாற்றுவது என்று முடிவெடுப்பவர்கள் மறந்துவிடும் கேள்வி இது. விற்ற கார் பெரும்பாலும் மறைவதில்லை. வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதே புகையைக் கக்குகிறது. 2009-இல் அமெரிக்கா பழைய கார்களைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவோருக்கு 4,500 டாலர் வரை தந்தது. ஏறக்குறைய 700,000 கார்கள் வந்து சேர்ந்தன. அவை மறுபடியும் சாலைக்கு வராதிருக்க, எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டார்கள். சூட்டில் நீர் ஆவியாகி, சிலிகேட் கண்ணாடிபோல் இறுகி எஞ்சினை நிரந்தரமாக நிறுத்தியது. அதே ஆண்டில் மலேசியாவும் 10 ஆண்டைத் தாண்டிய காரை ஒப்படைத்து உள்நாட்டுக் கார் வாங்குவோருக்கு 5,000 ரிங்கிட் சலுகை தந்தது. 15 ஆண்டைத் தாண்டிய வாகனங்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை என்ற திட்டமும் அப்போது அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு வந்ததால் கைவிடப்பட்டது. இன்றும் லாரி, பேருந்துகளைப்போல் தனியார் கார்களுக்குக் காலமுறைச் சோதனை கிடையாது. எனவே சோதிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

எஞ்சின் ஆறிய பிறகு, சமதரையில் நிற்கும் காரின் பக்கத்தில் குனிந்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கிய காருக்கடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். குழாய் இணைப்புகளில் கறுப்புக் கரிக்கோடு தெரிந்தால் கசிவு. குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் முன்பகுதியில் விரிசல் இருக்கலாம். குழாய்க்குள் சில்லுகள் உருளும் சத்தம் என்றால் தேன்கூடு உடைந்திருக்கிறது. பயன்படுத்திய கார் வாங்கப் போகும் குடும்பமாக இருந்தால், பட்டறையில் தூக்கச் சொல்லி, மாற்றி இருக்க வேண்டிய இடத்தில் மாற்றி இருக்கிறதா, வெறும் குழாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிதியடியைத் தூக்கித் தரையையும் பாருங்கள்.