‘ஊசி போட்ட சான்று எங்கே?’ – கேட்க யாருக்கு அதிகாரம்?

2021 டிசம்பர் தொடக்கத்தில் மதுரை மாவட்ட நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒரு வாரத்துக்குள் கொரோனா தடுப்பூசியின் முதல் தவணையையாவது போட்டுக்கொள்ளாதவர்களைப் பொது இடங்களுக்குள் அனுமதிக்க மாட்டோம் என்றது. அந்த இடங்களின் பட்டியலில் திரையரங்கு, திருமண மண்டபம், வணிக வளாகம் ஆகியவற்றோடு ரேஷன் கடையும் இருந்தது. தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ஐக் காட்டி, பொது இடங்களுக்கு வருவோர் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று மாநிலப் பொது சுகாதாரத் துறையும் அதற்கு முந்தைய மாதமே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது.

சினிமாவுக்குப் போகாமல் இருந்துவிடலாம். அரிசி வாங்காமல் எத்தனை நாள் இருப்பது?

ஊசி போடாதவர் என்றதும் வீம்பு பிடித்தவர் ஒருவரின் முகம்தான் பலர் மனதில் வந்தது. களத்தில் இருந்தவர்கள் வேறு முகங்களையும் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர், முகாம் வரை தூக்கிச் செல்ல ஆளில்லாத மாற்றுத்திறனாளி, ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று தள்ளிப்போட்ட சித்தாள், அடையாள அட்டை எதுவும் இல்லாத சாலையோரவாசி, முதல் ஊசியில் ஒவ்வாமை வந்து மருத்துவரே நிறுத்தச் சொன்னவர். ஊசியே போடாமல் ‘இரண்டாம் தவணை நிறைவு’ என்று கைப்பேசிக்குச் செய்தி வந்து குழம்பியவர்கள் ஒருபுறம் இருக்க, போட்ட ஊசி அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் ஏறாமல் தவித்தவர்களும் உண்டு. தடை உத்தரவு இவர்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தியது.

இந்தியாவில் ‘தடுப்பூசி போடாததற்காக யாரையும் பாகுபடுத்தக் கூடாது’ என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. இருப்பது உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பும் உயர் நீதிமன்றங்களின் சில உத்தரவுகளும்தான். அந்தத் தீர்ப்பை வாட்ஸ்ஆப்பில் ஆளுக்கொரு விதமாகத் திரித்துப் பரப்பிவிட்டார்கள் என்பதால், அது சொன்னதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியல் தொடுத்த வழக்கு அது. நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவ், பி.ஆர்.கவாய் அமர்வு 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. வழக்கில் பதில் சொன்ன மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தன் உடலில் எதைச் செலுத்திக்கொள்வது என்று முடிவெடுக்கும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும். எனவே யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது நீதிமன்றம். அதே மூச்சில், மக்கள் நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும், நியாயமான தேவை வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவும் வேண்டும். அந்தரங்க உரிமை குறித்த 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு வகுத்த அதே மூன்று உரைகற்கள்.

மாநிலங்கள் தடுமாறியது மூன்றாவதில். ஊசி போடாதவரால் தொற்று அதிகம் பரவுகிறது, போட்டவரால் அந்த அளவுக்குப் பரவுவதில்லை என்று காட்டும் தரவு எதையும் எந்த மாநிலமும் நீதிமன்றத்தின் முன் வைக்கவில்லை. அப்படியானால் ஒருவரை உள்ளே விட்டு இன்னொருவரை வெளியே நிறுத்துவது அளவுக்கு மிஞ்சிய செயல் என்று நீதிபதிகள் முடிவுக்கு வந்தார்கள். தொற்று குறைவாக இருக்கும்வரை இத்தகைய தடைகளை மறுபரிசீலனை செய்யும்படி அரசுகளோடு தனியார் நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் சேர்த்தே யோசனை கூறினார்கள்.

‘யோசனை’ என்பதைக் கவனியுங்கள். தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டிப்போடும் ஆணையாக அது வரவில்லை. அன்றைய கொரோனா நிலவரத்தை வைத்துச் சொன்னது என்றும் தீர்ப்பே தெளிவுபடுத்தியிருக்கிறது. நாளை வேறொரு நோய் வந்து, ஊசி போட்டால் பரவல் நிற்கும் என்பதற்கு உறுதியான தரவு கிடைத்தால் கணக்கு மாறலாம். தடுப்பூசி தீங்கானது என்றோ தடுப்பூசித் திட்டமே சட்டவிரோதம் என்றோ நீதிமன்றம் எங்குமே சொல்லவில்லை. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றதல்ல என்றுதான் சொன்னது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் பரப்புவது, உயிர் காக்கும் ஊசியிலிருந்து மக்களை விரட்டும் வேலை. நான் அதை மன்னிக்க முடியாத பொறுப்பின்மை என்றே கருதுகிறேன்.

உச்ச நீதிமன்றத்துக்கு முன்பே வடகிழக்கு மாநிலங்களின் நீதிமன்றங்கள் சாமானியரின் வயிற்றுப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டன. மேகாலயாவில் கடைக்காரர்களும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் ஊசி போட்ட பிறகே தொழிலைத் தொடங்கலாம் என மாவட்ட அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். 2021 ஜூனில் அம்மாநில உயர் நீதிமன்றம், கட்டாய ஊசி என்பது பிழைக்கும் உரிமையில் கை வைப்பது என்றது. வாடிக்கையாளர் தாமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று, கடையிலும் வண்டியிலும் பணியாளர்கள் ஊசி போட்டவர்களா இல்லையா என்ற அறிவிப்பைத் தெரியும்படி மாட்டச் சொன்னது. பிழைப்புக்கும் வழிவிட்டு, அஞ்சுபவருக்கும் தகவல் கொடுத்த தீர்வு. ஆனால் ‘போடாதவர்’ என்ற பலகையோடு ஒரு ஏழை ஓட்டுநர் நாள் முழுக்கச் சவாரிக்குக் காத்திருப்பதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. அடுத்த மாதமே குவாஹாட்டி உயர் நீதிமன்றம், அருணாச்சலப் பிரதேசத்தில் ஊசி போட்டவருக்கு மட்டும் வேலைக்கான தற்காலிக அனுமதிச் சீட்டு என்ற விதியை நிறுத்திவைத்தது. ஊசி போட்டவருக்கும் தொற்று வந்து பரவலாம் என்னும்போது இந்தப் பிரிவினைக்கு அடிப்படை இல்லை என்பது அதன் வாதம்.

தனிச் சட்டமே இயற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குப் போக வேண்டும். 2021 மே மாதம் ஆளுநர் கிரெக் ஜியான்ஃபோர்ட்டே கையெழுத்திட்ட சட்டம், தடுப்பூசி நிலையை வைத்து வேலை, சேவை, கல்வி, சிகிச்சை எதையும் மறுப்பதைச் சட்டவிரோதப் பாகுபாடாக அறிவித்தது. கொரோனா ஊசி மட்டுமல்லாமல் எல்லாத் தடுப்பூசிகளும் அதில் அடக்கம். தனியார் முதலாளியும் கட்டுப்பட்டவர். பள்ளிச் சேர்க்கைக்கான பழைய தடுப்பூசி விதிகளுக்கும், கூட்டரசின் நெறிமுறை குறுக்கிடும் காலங்களில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் விலக்கு உண்டு. வேலை இழந்தவர் வழக்கறிஞரைத் தேடி ஓடாமல், அந்த மாநிலத்தின் மனித உரிமைப் பிரிவில் 180 நாட்களுக்குள் முறையிடலாம். சாமானியருக்கு இது பெரிய பலம்.

மறுபக்கத்தில் இன்னொரு சாமானியர் இருந்தார். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளி அவர். தன் அருகே வரும் செவிலியர் ஊசி போட்டவராக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினால், மருத்துவமனையின் கையைச் சட்டம் கட்டிவிடும். மொன்டானா மருத்துவச் சங்கமும் மருத்துவமனைகளும் இத்தகைய நோயாளிகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2022 டிசம்பரில் கூட்டரசு நீதிபதி டொனால்டு மொல்லோய், மருத்துவ நிலையங்களில் இச்சட்டத்தை அமல்படுத்தத் தடை விதித்தார். 2024இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஒருவரின் வேலையைக் காத்த சட்டம், இன்னொருவரின் அச்சத்துக்குப் பதில் சொல்லாமலேயே நிற்கிறது.

எல்லா வேறுபாடும் பாகுபாடு ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து ஊசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாட்கள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். இதற்குச் சர்வதேச சுகாதார விதிமுறைகள் என்ற சட்ட அடிப்படை இருக்கிறது. ஊசி தரும் பாதுகாப்பு நிரூபணமானது. போடாதவரை நிரந்தரமாக ஒதுக்காமல் சில நாள் காத்திருப்பு என்ற மாற்று வழியும் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் கடைசி நேரத்தில் ஓடாமல், முன்கூட்டியே போட்டுக்கொள்வதுதான் சரி.

சரி, உங்களை யாராவது தடுத்தால்?

முதலில் எழுத்துப்பூர்வமான உத்தரவைக் கேளுங்கள். ‘மேலிடத்து ஆர்டர்’ என்று வாயால் சொன்னால் அது உத்தரவாகாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, யார் கையெழுத்து, எந்தத் தேதி வரை என்பது தெரிய வேண்டும். தராவிட்டால், யார் எப்போது எங்கே மறுத்தார் என்பதை அன்றே எழுதிவையுங்கள். உடன் இருந்தவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் அந்த உத்தரவின் நகலைக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாட்கள் கெடு. உயிர், சுதந்திரம் சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரம்.

ரேஷன் மறுத்தால் வழி இன்னும் தெளிவு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இன்கீழ் மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் புகார் தரலாம். அங்கே தீராவிட்டால் மாநில உணவு ஆணையம். உரிமையுள்ள தானியத்தைத் தராமல் விட்டால் உணவுப் பாதுகாப்புப் படித்தொகை கேட்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். அரசு ஊழியர் மனித உரிமையை மீறினார் என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

தனியார் நிறுவனம் வேலையை விட்டு நிறுத்தினால் நிலைமை கடினம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழி பெரும்பாலும் அரசுக்கு எதிரானதுதான். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம். அதற்கும் காலக்கெடு இருப்பதால் தாமதிக்கக் கூடாது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று நெருக்கினால், கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். விருப்பப்பட்டுப் போனவர் என்று ஆகிவிட்டால் மீட்பது கடினம். உடல்நலக் காரணம் இருந்தால் மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, நிர்வாகத்துக்குக் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள். போலிச் சான்றிதழ் பக்கம் மட்டும் போகவே கூடாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், அது உங்களைக் குற்றவாளியாக்கிவிடும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று முடங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். உதவி எண் 15100.

இத்தனை வாசல்களில் ஏறி இறங்க வேண்டியிருப்பதே, நம்மிடம் ஒரே இடத்தில் எழுதிவைத்த சட்டம் இல்லாததால்தான். முன்மாதிரி இந்தியாவிலேயே இருக்கிறது. 2017இல் இயற்றிய எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், எச்ஐவி தொற்றுள்ளவருக்கு வேலை, சிகிச்சை, கல்வி, வாடகை வீடு எதையும் மறுக்கக் கூடாது என்று அரசையும் தனியாரையும் ஒருசேரக் கட்டுகிறது. வேலையை விட்டு நீக்கியே ஆக வேண்டும் என்றால், சக ஊழியருக்குக் கணிசமான தொற்று அபாயம் உண்டு அல்லது அந்த வேலைக்கு அவருக்கு உடல்தகுதி இல்லை என்று சார்பற்ற மருத்துவ வல்லுநர் எழுத்தில் மதிப்பிட்டிருக்க வேண்டும். மாற்று ஏற்பாடு ஏன் செய்ய முடியவில்லை என்பதை முதலாளி எழுத்தில் விளக்க வேண்டும். இரண்டின் நகலும் ஊழியர் கைக்கு வர வேண்டும். மாநிலம்தோறும் முறையீட்டை விசாரிக்கக் குறைதீர்ப்பாளர் ஒருவரும் உண்டு.

மொன்டானா விட்டுவிட்ட இடத்தை இந்த எச்ஐவி சட்டத்தின் வழிமுறை நிரப்புகிறது. அபாயம் உண்மையாக இருந்தால் மருத்துவர் அதை எழுதிக் காட்டட்டும். புற்றுநோய் வார்டில் இருக்கும் நோயாளிக்கு அதனால் பாதுகாப்பு கிடைக்கும். அபாயம் இல்லையென்றால் சித்தாளின் கூலியிலும் மூதாட்டியின் அரிசியிலும் யாரும் கை வைக்க முடியாது. தடுப்பூசிக்கும் இதே ஏற்பாட்டை விரித்து, உணவையும் சிகிச்சையையும் எந்தச் சூழலிலும் மறுக்கக் கூடாதவை என்று தனியே குறித்து, வீட்டுக்கே வந்து ஊசி போடும் கடமையை அரசின் மேல் சுமத்தும் ஒரு சட்டத்தை, தொற்று எதுவும் நெருக்காத இந்த நாட்களிலேயே சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கொண்டுவர வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கோரிக்கை மனுவாகவே கொடுக்கலாம்.