முத்திரை போட்ட இணைப்பு!

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. மாலையில் அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி. “உங்கள் அறிக்கை தயார்.” கீழே நாலைந்து வரிக்கு நீண்டு கிடக்கும் ஓர் இணைப்பு. தொட்டால் அறிக்கை திறக்கிறது. மறுநாள் தொட்டால், “அனுமதி இல்லை” என்கிறது!

ஏன் இப்படி?

இத்தகைய கோப்புகளைப் பல நிறுவனங்கள் வாடகைக் கிடங்கில் வைக்கின்றன. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2006-ம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய ‘எஸ்-3’ அப்படி ஒரு கிடங்கு. ‘மேகக் கிடங்கு’ என்பார்கள். மேகத்தில் ஒன்றும் இல்லை. பெரிய கட்டிடங்களில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள்தான்!

கிடங்கு பூட்டியே இருக்கும். அதன் சாவியைக் கொடுத்தால் எல்லோருடைய அறிக்கையையும் பார்த்துவிடலாம் அல்லவா? ஆகவே சாவிக்குப் பதில் ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். அந்த நீண்ட இணைப்புதான் சீட்டு.

64 குறிகள்

எந்தக் கோப்பு, எப்போது எழுதிய சீட்டு, எத்தனை விநாடி செல்லும் என்பதெல்லாம் அதில் வெளிப்படையாகவே இருக்கும். கூடவே, எண்ணும் எழுத்துமாக 64 குறிகள். அதுதான் முத்திரை. இந்த விவரங்களோடு ரகசியச் சாவியையும் சேர்த்துப் போட்ட கணக்கின் விடை அது.

இணைப்பைத் தொட்டதும் கிடங்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்தால் கதவு திறக்கும். 3600 விநாடியை 36000 என்று யாராவது திருத்தினால்? விடை மாறிவிடும். கதவு திறக்காது!

எஸ்-3 சீட்டின் ஆயுள் அதிகம் போனால் 7 நாள்.

யார் கையில்?

இவ்வளவு காவல் இருந்தும் ஓர் ஓட்டை உண்டு. சீட்டுடன் வந்தவர் யார் என்று கிடங்கு கேட்பதில்லை. சினிமாக் கொட்டகையிலாவது டிக்கெட்டைக் கிழித்துவிடுவார்கள். இதைக் கிழிப்பதில்லை. கெடு முடியும்வரை எத்தனை பேரும் நுழையலாம்.

“அம்மாவுக்கு என்ன என்று பாருங்கள்” என்று மகள் அந்த இணைப்பைக் குடும்பக் குழுவில் போடுகிறாள். அங்கிருந்து அது சம்பந்தி வீட்டுக்கும், அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் போகலாம். அம்மா இன்னும் யாரிடமும் சொல்லாத நோய், ஊருக்குத் தெரிந்துவிடும்! கெடு முடிந்தால் கதவு மூடிக்கொள்ளும். ஆனால் அதற்குள் அறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் இருந்து அதைத் திரும்பப் பிடுங்க முடியாது.

கெடு முடிந்து திறக்கவில்லையா? பழைய இணைப்பைத் தேடி அலைய வேண்டாம். ஸ்கேன் நிலையத்தில் புதிதாகக் கேளுங்கள். சீட்டு எழுதக் கம்ப்யூட்டருக்கு ஒரு விநாடிகூட ஆகாது.