மனிதவுருப் பொறியும் தூரமறியும் கண்ணும்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயல்வோர்க்கு, பொருளைக் காண்டலும் அதன் தூரத்தை அறிதலும் வெவ்வேறென்பது விரைவிற் புலப்படும். சாதாரணக் கமரா அத்தகைய ஒற்றைக் கண்ணே. அது தரும் படத்தில் நிறமுண்டு, வடிவமுண்டு. எதிரேயுள்ள படி எத்தனை அடி தொலைவிலுள்ளதென்னும் அளவு இல்லை. சில்லுகளில் ஊரும் பொறி தூரத்தைத் தவறாக மதித்தால் முட்டிநிற்கும். மனிதனைப் போல் இருகாலில் நடக்கும் பொறியோ, அடி ஓரிரு அங்குலம் பிழைத்தாலும் நிலைகுலைந்து வீழக்கூடும். ஆகவே, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய தூரத்தை எண்ணாகத் தரும் கமரா அதற்கு இன்றியமையாததாயிற்று.

தூரத்தை அறிய இயற்கை காட்டிய வழி இருகண் வழியாகும். இரு கண்களும் பெறும் சிறிது வேறுபட்ட படங்களிலிருந்தே நமக்குத் திண்மையுணர்வு பிறக்கின்றதென, ஆங்கிலேய விஞ்ஞானி சார்ள்ஸ் வீற்ஸ்ரன் 1838 ஆம் ஆண்டில் விளக்கினார். பொறியிலும் இரு கமராக்களை அருகருகே அமைத்து, ஒரே புள்ளி இரு படங்களிலும் எவ்வளவு விலகித் தோன்றுகின்றதென அளந்தால், முக்கோணக் கணிதத்தாற் பொருளின் தூரம் பெறப்படும். விலகல் மிகுந்தால் அது அண்மையிலுள்ளது, குறைந்தாற் சேய்மையிலுள்ளது. ஆயின் தூரம் இருமடங்காகும்போது பிழை ஏறக்குறைய நான்மடங்காகின்றது. அன்றியும், வெள்ளையடித்த வெறுஞ்சுவரின் முன் ஒத்த புள்ளிகளைத் தேர இயலாது இம்முறை திகைக்கும். கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்ப் புள்ளிகளை அச்சுவரின்மேல் வீசுதல் இதற்கொரு பரிகாரம். அவ்வாறு புள்ளிக்கோலம் வீசித் தூரங் கணிக்கும் கினெக்ற் என்னும் கருவியை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2010 இல் விற்பனைக்கு விட்டது. விளையாட்டுக்கென வந்த அச்சாமான் ஆய்வுகூடங்களுக்கு மலிவான கண்ணாகவும் உதவியது வேடிக்கையே.

மற்றொரு வழி, ஒளி சென்று மீளும் காலத்தை அளத்தல். ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், 1 மீற்றர் தொலைவிலுள்ள பொருளைத் தொட்டு மீள 1 செக்கனின் 15 கோடியில் ஒரு பங்கே ஆகும். அமெரிக்காவின் பொஸ்ரன் டைனமிக்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய அற்லஸ் என்னும் மனிதவுருப் பொறி, 2021 இல் மேடைகளையும் தடைகளையும் தாவிக் கடந்தபோது இவ்வகைக் கமராவையே பயன்படுத்தியது. அது செக்கனுக்கு 15 முறை சுற்றுப்புறத்தைப் புள்ளித் திரளாக அளந்தது. வெறும் எண்களின் குவியலாகிய அத்திரளால் மட்டும் பயனில்லை. அதிலிருந்து தட்டையான பரப்புகளைப் பிரித்தெடுத்த பின்னரே கால்வைக்கத்தக்க இடம் எதுவெனத் துணிய முடிந்தது.

இக்கண்ணும் ஏமாறும். கடும் வெயிலிலுள்ள செங்கீழ்க் கதிர், கமரா வீசும் ஒளியை மூழ்கடித்துவிடும். கண்ணாடிக் கதவு அவ்வொளியை ஊடுசெல்லவிடும். பளபளக்கும் தரை அதனை வேறு திசையில் தெறிக்கச் செய்யும். இதனாலேயே உடலின் சாய்வை உணரும் கருவிகளும், பாதம் தாங்கும் விசையை அளக்கும் கருவிகளும் இத்தகைய பொறிகளிற் கமராவுடன் சேர்த்துப் பொருத்தப்படுகின்றன.