உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, சிறிது சிறிதாகப் பருகத் தருகிறார்கள். உடலிலிருந்து வெளியேறுவது நீர்தானே? அப்படியாயின் நீரை மட்டும் பருகினால் போதாதா? உப்பு எதற்கு? சர்க்கரை எதற்கு?

வயிற்றுப்போக்கின்போது நீர் மட்டும் வெளியேறுவதில்லை. சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகளும் உடன் வெளியேறுகின்றன. இவை குறையக் குறைய நாக்கு உலரும், கண்கள் குழிவிழும், சிறுநீர் குறையும், உடல் சோர்வடையும். காலரா போன்ற கடுமையான நோயில் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

வெறும் நீர், இழந்த உப்பை ஈடுசெய்யாது. உப்புநீரை மட்டும் பருகினாலும், நோயுற்ற குடல் அதனைப் போதிய அளவு உறிஞ்சுவதில்லை. இங்கேதான் சர்க்கரை துணைக்கு வருகிறது. சிறுகுடலின் சுவரில் வாயில்கள் போன்ற நுண்ணிய புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு வகை வாயில், சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் வழிவிடும். அவை உள்ளே செல்ல, நீரும் பின்தொடர்ந்து செல்லும். காலராக் கிருமியின் நஞ்சு இந்த வாயிலை அடைப்பதில்லை. எனவே, சர்க்கரை சேர்ப்பது சுவைக்காக அன்று. அது உப்புக்கும் நீருக்கும் வழித்துணை.

இவ்வுண்மையின் பயனை உலகம் கண்டது 1971ஆம் ஆண்டில். வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்கானில் காலரா பரவியது. ஊசி வழியாகச் செலுத்தும் உப்புநீர் தீரும் நிலையை எட்டியது. அதனைச் செலுத்தப் பயிற்சி பெற்றோரும் மிகச் சிலரே. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், குளுக்கோசு, உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை அளந்து பொட்டலங்களாக்கச் செய்தார். அவற்றை நீரில் கரைத்து, குழாய் பொருத்திய பெரிய கலன்களில் நிரப்பினர். நோயாளிகளின் உறவினர்களே கோப்பைகளில் பிடித்துப் புகட்டினர். முன்பு நோயுற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். இம்முறைக்குப் பின் அவ்வெண்ணிக்கை நான்குக்கும் கீழே குறைந்தது. மகாலனாபிஸின் மறைவுக்குப் பின், 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

இன்று இக்கரைசலுக்கான பொட்டலம் மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கிறது. அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். இதில் அளவே முதன்மையானது. உப்பு மிகுந்தால் உடலுக்குத் தீங்கு. சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கு பெருகும். கலந்த நீரை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

அரிசியின் மாவுப்பொருளும் செரிமானத்தின்போது குளுக்கோசாக மாறுகிறது. ஆகவே, நம் வீடுகளில் நோயுற்றவருக்கு உப்பிட்டுத் தரும் கஞ்சியும் நல்ல துணை உணவாகும்.

எனினும், இக்கரைசல் நோய்க்கிருமியைக் கொல்வதில்லை. இழந்த நீரை மீட்டு, உடல் நோயிலிருந்து மீளக் காலம் தருகிறது. மலத்தில் குருதி கலந்திருந்தாலோ, பருகியதெல்லாம் வாந்தியாக வெளியேறினாலோ, குழந்தை மயக்கமுற்றாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வழியிலும் கரைசலைப் புகட்டலாம். மயக்கமுற்றவர் வாயில் மட்டும் எதனையும் ஊற்றலாகாது.

சிந்தித்து எழுதுக

1. சர்க்கரையை உப்பின் 'வழித்துணை' என்று கூறுவது ஏன்?
2. பன்கான் முகாமில் உறவினர்களே நோயாளிகளைக் காக்க முடிந்தது எவ்வாறு?
3. உங்கள் வீட்டில் நோயுற்றவருக்குக் கஞ்சி சமைக்கும் முறையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக. உங்கள் அண்டை வீட்டார் அத்தகைய உணவை அவர்கள் மொழியில் எவ்வாறு அழைக்கின்றனர்?