கோழிக்குஞ்சின் பால் அறிதல்

கோழிக்குஞ்சின் பால் அறிதல் என்பது ஒரு கோழிக்குஞ்சு சேவலா பெட்டையா என்பதைக் கண்டறிவதாகும். குஞ்சின் பால் முட்டை கருவுறும்போதே முடிவாகிவிடுகிறது. ஆயினும் அது வெளித்தோற்றத்தில் புலப்படப் பல வாரங்கள் ஆகின்றன. ஜவ்வாது மலை அடிவாரத்திலுள்ள ஆலங்காயம் போன்ற ஊர்களில் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு இந்தக் காத்திருப்பு பெரிய இழப்பன்று. பெட்டை முட்டைக்கும் அடைக்கும் நிற்கும். சேவல் விற்பனைக்கோ நேர்த்திக்கடனுக்கோ உணவுக்கோ செல்லும். முட்டைத் தொழிலில் நிலைமை வேறு. அங்கு சேவற்குஞ்சுக்குப் பயன் இல்லை என்பதால், பொரித்த அன்றே பால் அறியும் முறைகள் உருவாயின.

பால் முடிவாகும் விதம்

மனிதரில் குழந்தையின் பாலைத் தந்தையின் விந்தணு முடிவு செய்கிறது. கோழியில் இது தலைகீழானது. சேவலிடம் இரண்டு இசட் நிறப்புரிகள் உள்ளன. பெட்டையிடம் ஓர் இசட் நிறப்புரியும் ஒரு டபிள்யூ நிறப்புரியும் உள்ளன. ஆகவே தாய்க்கோழியின் கருமுட்டை எந்த நிறப்புரியைக் கொண்டிருக்கிறதோ அதைப் பொறுத்தே குஞ்சின் பால் அமைகிறது. ஓர் அடையில் ஏறக்குறைய பாதி சேவலாகவும் பாதி பெட்டையாகவும் பொரிப்பது இதனாலேயே. இசட் நிறப்புரியிலுள்ள டிஎம்ஆர்டி1 என்னும் மரபணு இரட்டிப்பாக இருக்கும்போது விரை உருவாகிறது. பெட்டையில் பொதுவாக இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்ச்சியடையும்.

கொண்டை, இறகு ஆகிய இரண்டு அடையாளங்களும் வெவ்வேறு இயக்குநீர்களுக்குக் (ஹார்மோன்களுக்குக்) கட்டுப்பட்டவை. கொண்டை பெரிதாகிச் சிவப்பது டெஸ்டோஸ்டிரோனால். இறகின் வடிவத்தைத் தீர்மானிப்பது ஈஸ்ட்ரோசன். விரை நீக்கப்பட்ட சேவலின் கொண்டை சுருங்கினாலும் அதன் சேவல் இறகு அப்படியே இருக்கும். மாறாக, சூலகம் நீக்கப்பட்ட பெட்டைக்கு அடுத்த இறகுதிர்வுக்குப் பின் சேவல் இறகு முளைக்கும். அதாவது மினுமினுப்பான சேவல் இறகே கோழியினத்தின் இயல்பு நிலை. பெட்டையின் அடக்கமான இறகுதான் இயக்குநீரால் விளைவது. பார்ப்பவர் நினைப்பதற்கு நேர் எதிரானது இது.

வளரும் குஞ்சில் காணும் அடையாளங்கள்

பொரித்த முதல் சில நாட்களில் நாட்டுக்கோழிக் குஞ்சின் பாலை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. சுமார் ஐந்து, ஆறு வாரங்களில் சேவற்குஞ்சின் கொண்டையும் தாடியும் பெட்டையினுடையவற்றை விடப் பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். கால்கள் தடிப்பாக இருக்கும். வால் இறகு பெட்டைக்கு முந்தி முளைக்கும். சேவற்குஞ்சின் வால் சில காலம் மொட்டையாகவே காணப்படும். இவை யாவும் ஒப்பீட்டு அடையாளங்கள் ஆகும். ஒரே அடையில் பொரித்த, ஒரே இனக் குஞ்சுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மட்டுமே இவை உதவும். வீட்டில் ஒற்றைக் குஞ்சை வளர்ப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

இனமும் கவனிக்கத்தக்கது. வெள்ளை லெகார்ன் இனத்துக்குப் பெரிய ஒற்றைக் கொண்டை இருப்பதால் சேவலை மூன்று, நான்கு வாரங்களிலேயே பெரும்பாலும் அறியலாம். அசில் இனத்தில் இரு பாலுக்கும் கொண்டை சிறியது. எனவே அதனை நம்பி முடிவு செய்யக் கூடாது.

கண்ணால் காண்பவற்றுள் மிகவும் நம்பத்தக்கது இறகின் நுனி. சுமார் மூன்று மாத வயதில் சேவலின் கழுத்திலும், முதுகின் பின்பகுதியில் வாலுக்கு முன்னுள்ள இடத்திலும் குறுகி நீண்ட, கூர் நுனியுடைய பளபளப்பான இறகுகள் தோன்றும். பெட்டைக்கு அதே இடத்தில் நுனி வட்டமாக இருக்கும். சீப்ரைட் என்னும் ஆங்கிலேயக் குறுங்கோழி இனம் இதற்கு விதிவிலக்கு. அதன் சேவலுக்கும் பெட்டையின் இறகே உண்டு. குதிமுள்ளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, வயதான பெட்டைகள் சிலவற்றுக்கும் அது வளரும்.

கூவுதல் பெரும்பாலும் இரண்டு மாதம் முதல் ஐந்து மாதத்துக்குள் தொடங்குகிறது. பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்பது பழமொழியாயினும், பெட்டை கூவுவது உண்மையில் நிகழக்கூடியதே. நோயாலோ முதுமையாலோ இடச் சூலகம் செயலிழந்தால் பெட்டைக்குச் சேவல் இறகு முளைத்து, அது கூவவும் கூடும். இத்தகைய மாற்றங்கள் முற்காலத்தில் அச்சத்தை விளைவித்தன. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1474 ஆம் ஆண்டு, முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு சேவல் விசாரிக்கப்பட்டு எரிக்கப்பட்டது.

முட்டை வடிவம் பற்றிய நம்பிக்கை

கூர்மையான முட்டையில் சேவலும் உருண்டையான முட்டையில் பெட்டையும் பொரிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது மிகப் பழையது. உரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா இவ்வாறே எழுதினார். அவருக்கு முந்திய அரிசுட்டாட்டில் கூறியதோ இதற்கு நேர்மாறு. முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் கருக்குழாயைப் பொறுத்தது, உள்ளிருக்கும் கருவின் பாலைப் பொறுத்ததன்று. குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு அது தலையைத் தூக்குகிறதா என்று பார்க்கும் வழக்கமும் பயனற்றது. குஞ்சுக்குத் துன்பம் தருவதால் அதனைத் தவிர்ப்பது நல்லது.

குஞ்சு பொரிப்பகங்களில்

ஒரு நாள் வயதுக் குஞ்சின் எச்சத் துவாரத்தை மெல்லப் பிதுக்கி, உள்ளிருக்கும் மிகச்சிறு புடைப்பைக் கொண்டு பால் அறியும் முறையை 1920களில் சப்பானிய ஆய்வாளர் மசூயி கியோசியும் அவருடன் பணியாற்றியோரும் வளர்த்தெடுத்தனர். தேர்ந்தவர் மணிக்குச் சுமார் ஆயிரம் குஞ்சுகளை மிகக் குறைந்த பிழையுடன் பிரித்துவிடுவார். பயிற்சி இல்லாதவர் முயன்றால் குஞ்சின் குடல் காயமடையும்.

மரபியலை வைத்துத் திட்டமிடும் முறைகள் இதனினும் எளியவை. இறகு மெல்ல முளைக்கச் செய்யும் ஒரு மரபணு இசட் நிறப்புரியில் உள்ளது. விரைவாக இறகு முளைக்கும் சேவலை மெல்ல முளைக்கும் பெட்டையுடன் இணைத்தால், பெண் குஞ்சுகளுக்கு மட்டும் முதன்மைச் சிறகுகள் அவற்றை மூடும் இறகுகளை விட நீளமாக இருக்கும். இவ்வேறுபாடு முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கே தெளிவாகத் தெரியும். பிற இணைப்புகளில் பிறந்த குஞ்சுகளுக்கு இது பொருந்தாது. இதே போன்று, ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் பார்டு பிளைமவுத் ராக் பெட்டையையும் இணைத்தால் பிறக்கும் கருநிறக் குஞ்சுகளில் ஆண்களுக்கு மட்டும் தலையில் வெண்புள்ளி இருக்கும்.

வண்ணக் குஞ்சுகள்

முட்டைக்கோழி இனத்தின் சேவல் முட்டையிடாது. கறிக்கோழியைப் போல விரைந்து சதை பிடிக்கவும் செய்யாது. ஆகவே முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பிரிக்கப்படும் சேவற்குஞ்சுகள் உலகெங்கும் பெரும்பாலும் அன்றே கொல்லப்படுகின்றன. இவற்றின் எண்ணிக்கை ஆண்டுக்கு 600 முதல் 700 கோடி வரை என மதிப்பிடப்படுகிறது. தமிழ்நாட்டில் இவற்றுள் ஒரு பகுதி பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் எனச் சாயம் ஏற்றப்பட்டுத் திருவிழாக்களிலும் தெருக்களிலும் விற்கப்படுகிறது. எனவே குழந்தைகள் ஆசையாக வாங்கும் வண்ணக் குஞ்சு வளர்ந்து முட்டையிடும் என்று எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண். அது சேவல் என்பதே அது தெருவுக்கு வந்ததன் காரணம்.

இக்குஞ்சுகளுக்குப் பெரிய ஆபத்து குளிர். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 32 முதல் 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பின்னர் வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்து வரலாம். தாய்க்கோழி இல்லாத நிலையில் மின்விளக்கின் சூடு இன்றி அட்டைப்பெட்டியில் வைக்கப்படும் குஞ்சு சில நாட்களில் இறந்துவிடக்கூடும். பிழைத்த குஞ்சில் சாயமேறிய தூவி உதிர்ந்து, பெரும்பாலும் வெள்ளை இறகு முளைக்கும். ஒரு மாதத்திற்குள் சிவந்த கொண்டையும் தெரியவரும்.

முட்டைக்குள்ளேயே அறிதல்

செருமனி 2022 சனவரி 1 முதல் சேவற்குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தது. பிரான்சிலும் அவ்வாண்டின் இறுதியிலிருந்து அத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது. இதற்கு மாற்றாக, அடையிலிருக்கும் முட்டையின் ஓட்டில் நுண்துளையிட்டுச் சிறு துளி திரவத்தை எடுத்து, பெண் கருவுக்குரிய இயக்குநீர் உள்ளதா என்று சோதிக்கும் முறை கையாளப்படுகிறது. இது ஒன்பதாம் நாள் அளவில் செய்யப்படும். துளையிடாமல் ஒளியைச் செலுத்தி, வளரும் கருவின் இறகு நிறத்தைக் கொண்டு பிரிக்கும் முறையும் உண்டு. ஆனால் அது ஆணும் பெண்ணும் வெவ்வேறு நிறம் கொள்ளும் பழுப்புக் கோழி இனங்களுக்கே பொருந்தும், வெள்ளை லெகார்ன் வழிவந்தவற்றுக்குப் பயன்படாது.